ஞாயிற்றுக்கிழமையில் வீடு பார்ப்பவர்

திருப்பூரில் வீடு தேடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இடந்தேடியாரைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டும் ஒன்றல்ல. வீடு தேடுகிறவர் பஸ்ஸை விட்டு இறங்குவார், வேலை கிடைத்த கம்பெனிக்கு நடந்து போகிற தூரத்தில் நாலு சுவரும் மேலே ஒரு கூரையும் அகப்பட்டால் பையை வைத்துவிட்டு மறுநாள் காலை எட்டரை மணி ஷிப்டுக்குப் போய்விடுவார். அந்த அறையில் ஜன்னல் உண்டா இல்லையா என்பதே, மூன்று மாதம் கழித்துக் காய்ச்சல் வந்து பகலில் படுக்கும்போதுதான் அவருக்குத் தெரியவரும். இந்த ஊரில் லட்சக்கணக்கில் இருப்பவர்கள் இவர்கள்தான். இடந்தேடியார் வேறு இனம். முதலில் எங்கே குடியிருப்பது என்று முடிவு செய், வேலை பிறகு தானாக வரும் என்பது அவருடைய மதம். வீடு தேடுகிறவர் வீடு கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுவார். இடந்தேடியார் அன்றைக்குத்தான் ஆரம்பிப்பார். எண்ணிக்கையில் கொஞ்சம் பேர்தான் என்றாலும், தெருவுக்கு ஒருவராவது தேறுவார்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, கொடியில் காயும் உங்கள் வெள்ளைப் பனியனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றால், திருடன் என்று கூச்சல் போடாதீர்கள். பனியன் மஞ்சள் பூத்திருக்கிறதா என்று பார்க்கிறார். பூத்திருந்தால் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். பிறகு விரலை எச்சிலில் நனைத்துக் காற்றில் பிடிப்பார். குழாய்த் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வாயில் ஊற்றி, கொப்பளித்து, கண்ணை மூடி, ஜாதகம் பார்க்கிறவர் போல யோசிப்பார். ஆற்றுத் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, வந்தால் எவ்வளவு நேரம் வருகிறது, மழை பெய்தால் தெருவில் தேங்குமா, எத்தனை நாய் குரைக்கும், தோசை மாவு எங்கே விற்கிறார்கள், எதிர்வீட்டுக்காரர் எந்தப் பக்கத்து ஆள் என்று வரிசையாகக் கேட்பார். கேட்காத கேள்வி ஒன்றே ஒன்றுதான். இங்கிருந்து கம்பெனிக்கு எவ்வளவு தூரம் என்று மட்டும் அவர் வாயில் வராது.

இந்த வட்டாரத்து இடந்தேடியார்களில் தலையாயவர் ஜெயபாண்டி. ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவர், இப்போது நாற்பத்து மூன்று. தொழில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, அளவு வைத்து, ஒரே ஓட்டத்தில் நூறு பனியனுக்கான கைகளும் முதுகுகளும் விழும்படி வெட்டுகிற வேலை. நல்ல கட்டிங் மாஸ்டரை இந்த ஊரில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஒரு கம்பெனியில் வேலையை விட்டு நின்றுவிட்டால், திங்கட்கிழமை இன்னொரு கம்பெனியில் மிஷினைப் பிடித்துவிடலாம். அந்தத் தெம்பில் முளைத்ததுதான் அவருடைய தத்துவம். டீக்கடையில் யாராவது, கம்பெனி மாறிவிட்டேன், அதற்குப் பக்கமாக வீடும் மாற வேண்டும் என்று சொன்னால் போதும், ஜெயபாண்டி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்.

"வேலைக்காக வீட்ட மாத்துறதாண்ணே? வேல இன்னைக்கு இருக்கும், நாளைக்கு ஆர்டர் இல்லம்பான். காத்தும் தண்ணியும் அப்பிடியா? மொதல்ல குடியிருக்கிற எடத்தப் பாருங்க. வேல தானா வந்து வாசல்ல நிக்கும்."

கேட்டவர் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் தலையை ஆட்டிவிட்டு ஓடுவார். ஜெயபாண்டி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்.

இவ்வளவு தெளிந்தவர் ஒரே வீட்டில் ராஜாவாக இருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? கல்யாணமான பதினேழு வருஷத்தில் ஒன்பது வீடு. காரணம் ரொம்பச் சின்னது. திருப்பூரில் உழைக்கிற மனிதனுக்கு வீடு பார்க்க நேரம் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். திருப்பூர் திருப்பூராக இல்லாத ஒரே நாளும் அதுவே. அன்றைக்கு லாரி இல்லை, பாய்லர் இல்லை, தையல் மிஷின் ஓடுகிற பவர் டேபிள் இல்லை. ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கறிக்கடையில் நிற்கும். எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் காக்கை கரைவது காதில் விழும். அந்த அமைதியில் நின்றுகொண்டு ஜெயபாண்டி விரலை நனைத்துக் காற்றில் பிடித்தால், கைலாசமே வாடகைக்கு வந்திருப்பது போல அவருக்குத் தோன்றிவிடும்.

திங்கட்கிழமை விடிந்ததும் கைலாசம் கதவைத் திறக்கும். மூன்றாவது வீட்டில், பக்கத்துக் கட்டடம் பழைய குடோன் என்று அவர் முடிவு செய்திருந்தார். திங்கட்கிழமை அதற்குள்ளிருந்து பதினொரு நிட்டிங் மிஷின்கள் ஒரே குரலில் பேச ஆரம்பித்தன. தீபாவளிக்குத்தான் வாயை மூடின. ஐந்தாவது வீட்டின் தெரு அகலமாக இருந்ததை அவர் வெகுவாகப் புகழ்ந்தார். அந்த அகலம் எதற்கென்றால், முக்கில் இருந்த பார்சல் ஆபீசுக்கு வருகிற லாரிகள் திரும்புவதற்கு. ஆறாவது வீடு அவிநாசியில். கோயில் ஊர், காற்றிலேயே விபூதி வாசம் அடிக்கிறது என்றார். உண்மைதான். ஆனால் அவர் வீடு பார்த்தது முகூர்த்தம் இல்லாத ஞாயிறு, வீட்டுக்குப் பின்புறம் கல்யாண மண்டபம். ஆவணி பிறந்ததும் வாரத்துக்கு மூன்று கல்யாணத்தில் மைக்செட் வழியாக அவர்கள் குடும்பத்தோடு கலந்துகொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஜெயபாண்டி தன் கணக்கில் ஒரு கேள்வியைக் கூட்டிக்கொள்வாரே தவிர, கிழமையை மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தோன்றியதில்லை. ஒன்பதாவது வீட்டுக்கு நாலு ஞாயிறு தொடர்ந்து போய் வாசலில் நின்றார். வீட்டுக்காரம்மா சுப்பாத்தாள் கடைசியில் பொறுக்க முடியாமல், "ஏனுங்க, ஊடு பாக்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று மரியாதையாகவே கேட்டுவிட்டார்.

வீடு மாறினால் வேலை? அதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. புதுவீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கம்பெனியில் சேர்ந்துகொள்வார். நடந்து போய், மத்தியானம் நடந்து வந்து சாப்பிட்டு, பத்து நிமிஷம் பாயில் சாய்ந்து, மறுபடி நடந்து போவார். வீட்டை வேலையிடம் கூட்டிப் போகவில்லை, வேலையை வீட்டுக்கு வரவழைத்தேன் என்று மார்தட்டுவார். இடந்தேடியாரின் தத்துவம் அவர் அளவில் பழுதில்லாதது என்பதை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அவர் அளவில் என்று சொன்னேன். அந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர் உண்டு. மகள் ஜோதிகா ஒன்பதாம் வகுப்பு முடித்தவள். இதுவரை ஐந்து பள்ளிக்கூடம். சிநேகிதம் பிடிப்பதற்கு முன்னால், நீ இங்கே எவ்வளவு நாள் இருப்பாய் என்று எதிராளி கேட்பதற்குள் தானே சொல்லிவிடுகிற பெண். மனைவி சித்ராதேவி, திருப்பூர் ஓரத்து வீரபாண்டியில் ஆத்தப்பன் என்பவருடைய கம்பெனியில் பதினாலு வருஷமாகப் பனியன் மூட்டுகிற ஓவர்லாக் டெய்லர். அவளால் கணவரைப் போல சனிக்கிழமை நின்று திங்கட்கிழமை சேர முடியாதா? முடியும். ஆனால் அவளுக்கு மிஷின்கள் வரிசையாக நிற்கிற அந்த லைன் பழகிவிட்டது, மிஷின் பழகிவிட்டது, அவள் தைத்த கழுத்துப்பட்டியைச் செக்கிங்கில் திருப்பிப் பார்க்காமலே கட்டுக் கட்டுகிற அளவுக்குப் பெயர் வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு ஒவ்வொரு வாசலிலும் புதிதாகப் போய் நிற்க அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் வீடு எங்கே மாறினாலும் அவள் அதே கம்பெனிக்குப் போனாள். ஒரு வீட்டிலிருந்து ஒரு பஸ், இன்னொரு வீட்டிலிருந்து இரண்டு பஸ், அவிநாசியிலிருந்து இரண்டு பஸ்ஸும் அரை மைல் நடையும். கணவர் தேர்ந்தெடுத்த காற்று அந்த வீடுகளில் நாள் முழுக்க வீசிக்கொண்டுதான் இருந்தது. காலை ஏழு மணிக்குக் கிளம்பி ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்புகிறவளுக்கு அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது. எனக்கு ஜெயபாண்டியின் மேல் கோபம் வருகிற இடம் இதுதான். மற்றபடி நல்ல மனிதர், குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார்.

போன பங்குனிக் கடைசியில் ஆத்தப்பன் சித்ராதேவியைக் கூப்பிட்டு அனுப்பினார். திருப்பூரில் மிஷினில் உட்கார ஆள் கிடைப்பதில்லை, ஆள் இருக்கிற இடத்துக்கு மிஷினைக் கொண்டுபோகலாம் என்று பெரிய கம்பெனிக்காரர்கள் எல்லாம் கிளம்பியிருந்த நேரம். ஆத்தப்பனும் தாராபுரம் ரோட்டில் குண்டடத்தில் ஒரு கிளை கட்டியிருந்தார்.

"நாப்பது புள்ளைங்களுக்கு மிஷின் ஓட்டச் சொல்லித் தரோணும் கண்ணு, லைனையும் பாத்துக்கோணும். நீதான் இன்சார்ஜு. பின்னாலயே ஊடு கட்டியிருக்குது, குடும்பத்தோட வந்துரு. வைகாசில தொறக்கறோம். ஊட்ல கேட்டுட்டுச் சொல்லு."

பதினாலு வருஷம் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்ததில் சித்ராதேவிக்குக் கழுத்து இடப்பக்கம் திரும்பாது. ஊசியையும் துணியையும் தவிர வேறெதையும் பார்க்காத அந்தக் கழுத்துக்கு, இனி நிமிர்ந்து நின்று நாற்பது பேரைப் பார்க்கிற வேலை. அவளுக்கு அது வேண்டும். ரொம்பவும் வேண்டும். அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் அவளுக்குக் கால் வலிக்கவில்லை.

வீட்டில் சொன்னாள். ஜெயபாண்டி வேண்டாம் என்று சொன்னாரா? இடந்தேடியார் எதையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். "எடத்தப் பாத்துருவோம்" என்றார். அதைவிடப் பெரிய தாழ்ப்பாள் உலகத்தில் இல்லை.

முதல் ஞாயிறு வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகக் குண்டடம் போனார். கிளையைப் பார்க்கவில்லை, அது பூட்டியிருந்தது, ஊரைப் பார்த்தார். திரும்பி வந்து விவரம் சொன்னார். தண்ணீர் சுமார். எதிர்வீடு என்று ஒன்றே இல்லை, சோளக்காடு. காற்றாலை பத்துப் பன்னிரண்டு நிற்கிறது, ஆனால் ஒன்றுகூடச் சுற்றவில்லை. காற்றாலைக்கே காற்றில்லாத ஊரில் மனிதன் எப்படி இருப்பது? இரண்டாம் ஞாயிறு போனார். அன்றைக்கு எல்லாக் காற்றாலையும் சுற்றியது. இவ்வளவு காற்றா, பிள்ளைக்குச் சளி பிடிக்குமே என்று கவலையோடு வந்தார். டீக்கடையில் விசாரித்ததில் பாம்பு உண்டு என்று ஒருவரும், மயில் நிறைய என்பதால் பாம்பு இல்லை என்று இன்னொருவரும் சொன்னதில் அவருக்கு அன்றைய மத்தியானமே போய்விட்டது. மூன்றாம் ஞாயிறு கம்பெனி வீட்டைச் சுவருக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, ஒரு புதுச் சித்தாந்தத்தோடு வந்து சேர்ந்தார். வேலை செய்கிற இடத்தில் குடியிருக்கிறவன் காவல்காரன், குடியிருக்கிற இடத்தில் வேலையைத் தேடிக்கொள்கிறவன்தான் மனுஷன் என்றார். இதற்குள் ஆத்தப்பன் ஆள்விட்டு இரண்டு தடவை கேட்டுவிட்டார் என்பது ஜோதிகாவுக்குக்கூடத் தெரியும்.

அன்று சாயங்காலம் ஜெயபாண்டி தன் முடிவை அறிவித்தார். குண்டடமும் வேண்டாம், இந்த வீடும் வேண்டாம். நடுவில் பல்லடம். வருகிற வழியில் ஒரு வீடு பார்த்தேன், சத்தமே இல்லை, சொக்கத் தங்கமாக இருக்கிறது. அங்கே குடிபோய்விட்டு அவள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பஸ் ஏறிக்கொள்ளலாம். இரண்டு பேருக்கும் பொது என்று சொல்லி, பெரிய வழக்கைத் தீர்த்துவைத்த முகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சித்ராதேவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"மூணு வாரமா தண்ணியக் கேட்டீக, காத்தக் கேட்டீக, பாம்பக் கேட்டீக. அங்க எனக்கு என்ன வேலைன்னு ஒரு தடவ கேட்டீகளா?"

ஜெயபாண்டி வாயைத் திறந்தார். தையல் வேலைதானே என்று சொல்லப் போனவர், ஏதோ தட்டி நிறுத்திக்கொண்டார். இன்சார்ஜ் என்ற சொல்லை அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். ஊர்ப் பெயரைக் கேட்டதுமே அவர் மனம் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டதால் மீதி காதில் விழவில்லை. இதுவரை சிரித்துக்கொண்டே சொல்லி வந்த எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை.

"என்ன வேல?" என்றார், மெதுவாக.

அவள் சொன்னாள். நாற்பது பெண்கள், சொல்லிக் கொடுப்பது, லைன், மாதச் சம்பளம், எல்லாம். பிறகு இன்னொன்றும் சொன்னாள்.

"மொதலாளி கேட்ட அன்னைக்கே வாரேன்னு சொல்லிட்டேன். பாப்பாவுக்கும் டீசி வாங்கியாச்சு. அவர் ஆள்விட்டுக் கேட்டது, என்னைக்கு லாரி அனுப்பட்டும்னு. நீங்க எடத்தப் பாத்து முடிச்சிட்டு வாங்க."

மூன்று ஞாயிறும் அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கேள்விக்காகக் காத்திருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை காலையில் மிஷின் ஏற்றிக்கொண்டு போன கம்பெனி லாரியிலேயே இரண்டு பீரோக்களில் ஒன்றும், கட்டிலும், ஜோதிகாவும், அவளும் போனார்கள். ஜெயபாண்டி ரோஷத்தோடு ஒன்பதாவது வீட்டில் தங்கினார். தங்கியது பன்னிரண்டு நாள். ஒன்பதாம் நாள் அந்தத் தெருவுக்கு ஆற்றுத் தண்ணீர் வந்தது. எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்று ஒன்பது வீட்டிலும் கேட்டவர், வந்த தண்ணீரை ஒரு தடவைகூடப் பிடித்தவரில்லை. அவர் கம்பெனியில் இருந்த நேரத்தில் வந்து, ஊரார் குடங்களை நிறைத்துவிட்டு, நின்றுபோயிருந்தது. சுப்பாத்தாள் பாவம் பார்த்து இரண்டு குடம் கொடுத்தார். மூன்று நாள் அதை அளந்து குடித்துப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை வண்டியில் மூட்டையைக் கட்டினார்.

இப்போது குண்டடத்தில்தான் இருக்கிறார். வேலை தானாக வந்து வாசலில் நின்றதா? அங்கேதான் ஒரு சின்னச் சங்கடம். அந்தக் கிளையில் தையல் மட்டும். துணி திருப்பூரிலேயே வெட்டி, கட்டாகக் கட்டி வண்டியில் வருகிறது. சுற்றுவட்டாரத்தில் பதினைந்து மைலுக்குக் கட்டிங் டேபிள் கிடையாது. ஆகவே கட்டிங் மாஸ்டர் ஜெயபாண்டி காலை ஆறரைக்குத் தாராபுரத்திலிருந்து வருகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கி, அந்தத் துணி வெட்டுகிற வீரபாண்டிக்கே போகிறார். ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி அதே மாதிரி திரும்புகிறார். சித்ராதேவி வீட்டுக்கும் லைனுக்கும் நடந்து போய் வருகிறாள். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிஷம் கழுத்தைச் சாய்த்துக்கொள்கிறாள். அவள் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது என்று ஜோதிகா சொல்கிறாள். நாற்பது பேருக்குக் கேட்க வேண்டுமே.

திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். போன மாதம் அந்த ராத்திரி பஸ்ஸில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தேன். வேலையைப் பார்க்காதீர்கள், இடத்தைப் பாருங்கள், நான் குண்டடத்தைத் தேர்ந்தெடுத்தது அப்படித்தான் என்று ஒரு புது டெய்லருக்கு உபதேசம் நடந்துகொண்டிருந்தது. நான் குறுக்கிட்டு, காற்று எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். ஜெயபாண்டி ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்தார்.

"நல்ல காத்துன்னுதான் சொல்றாக" என்றார்.

சரி, யாரோ ஒரு ஜெயபாண்டி, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இப்போது உட்கார்ந்து படிக்கிற இடத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கிறதல்லவா? மார்க்கெட் பக்கம், கோயில் பக்கம், உங்கள் ஆபீசும் கூப்பிடு தூரம். பார்த்துப் பார்த்துப் பிடித்த வீடு. யார் பார்த்தது? நல்லது. அடுக்களைப் பக்கம் திரும்பி, இந்த இடம் உனக்குப் பிடித்திருக்கிறதா என்று இன்றைக்கு ஒரு தடவை கேட்டுவிடுங்கள். உடனே பதில் வந்தால் தப்பித்தீர்கள். பதிலுக்குப் பதிலாகப் பாத்திரம் வைக்கிற சத்தம் வந்தால், மறுபடியும் முதல் வரியிலிருந்து படியுங்கள். பதில் சொல்ல அங்கே ஆளே இல்லை என்றால் மணியைப் பாருங்கள். பதில் சொல்ல வேண்டியவர் இன்னும் பஸ்ஸில்தான் இருப்பார்.